மாடல் டி மாறாத கார்தானா? ஆண்டுக்கு ஆண்டு நடந்தது என்ன?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஃபோர்டின் மாடல் டி 1908 முதல் 1927 வரை மாற்றமே இல்லாமல் வந்த கார் என்கிறார்கள். அப்படியானால் 1911 மாடல், 1923 மாடல் என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? ஆண்டுக்கு எத்தனை தயாரித்தார்கள் என்று தேடினால் ஏன் இடத்துக்கு இடம் எண் மாறுகிறது? ஒரு பழைய படத்தைப் பார்த்து ஆண்டைச் சொல்ல முடியுமா? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இன்று நாம் 'இந்த வருஷ மாடல்' என்று சொல்வது, ஒரு குறிப்பிட்ட நாளில் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை இறக்கும் ஏற்பாட்டை. ஃபோர்டு ஆலையில் அந்த ஏற்பாடு இல்லை. கார் மாறிக்கொண்டே இருந்தது, ஆனால் வாங்குகிறவரைக் கவர்வதற்காக மாறியது குறைவு. சீக்கிரமாக, மலிவாக, அதிகமாகச் செய்ய எது உதவியதோ அதற்காகத்தான் பெரும்பாலும் மாறியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் உருவ மாற்றமும் உற்பத்தி எண்ணும் ஒன்றையொன்று விளக்கும். பழைய கார்களைப் பிரித்துச் சேர்ப்பதே என் தொழில். அந்த அனுபவத்தையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

மாறாதவற்றை முதலில் பார்ப்போம். அவை உண்மையிலேயே மாறவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின், 177 கன அங்குலம், சுமார் 20 குதிரைத்திறன். நான்கு சிலிண்டரும் ஒரே வார்ப்பு. அதன் மேல் கழற்றி மாட்டக்கூடிய ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி. இந்த அமைப்பு 1908-ல் புதுமை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 100 அங்குலம். முன்னும் பின்னும் குறுக்காகக் கிடக்கும் ஒவ்வொரு பட்டை ஸ்பிரிங். எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலிலேயே காந்தங்களைப் பதித்த மேக்னெட்டோ, அதாவது தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி. முன்னோக்கி இரண்டு வேகமும் ரிவர்ஸும் கொண்ட கோள்வகைக் கியர்பெட்டி. கியர் மாற்ற லீவர் கிடையாது, எல்லாம் காலில்தான். இடது பெடலை முழுக்க அழுத்தினால் லோ கியர், பாதியில் நியூட்ரல், விட்டுவிட்டால் ஹை. நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். இன்றைய காரை ஓட்டிப் பழகியவர் இதில் உட்கார்ந்தால் கால் தானாகத் தப்பான இடத்துக்குத்தான் போகும். 1909-ல் கற்றவர் 1927 காரையும் அப்படியே ஓட்டலாம். 'மாறாத கார்' என்ற பேச்சுக்கு ஆதாரம் இந்த அடிப்படை. அந்த அளவில் பேச்சு சரிதான்.

ஆனால் அந்த மூன்று பெடல்கூட முதல் நாளிலிருந்து இருந்ததில்லை. டெட்ராய்ட்டின் பிக்கெட் அவென்யூ ஆலையில் 1908 இலையுதிர் காலத்தில் தொடங்கிய முதல் சில நூறு கார்களில் இரண்டு பெடலும் இரண்டு லீவரும்தான். ரிவர்ஸுக்கு இரண்டாவது லீவர். முதல் 2,500 கார்கள் வரை எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சுழல ஒரு பம்ப் இருந்தது. அப்புறம் அதை எடுத்துவிட்டார்கள். சூடான தண்ணீர் மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும் என்ற இயல்பையே நம்பி, குழாய்களின் அமைப்பை மாற்றிக்கொண்டார்கள். இங்கேயே பின்னால் வரப்போவதன் குணம் தெரிந்துவிடுகிறது. சேர்த்த மாற்றத்தைவிட எடுத்த மாற்றம் அதிகம். ஒரு பாகம் குறைந்தால் அதைச் செய்யும் ஆள், மாட்டும் நேரம், பின்னால் பழுதுபார்க்கும் செலவு மூன்றும் குறைகின்றன. சேர்த்ததற்கும் உதாரணம் உண்டு. தொடக்கத்தில் வால்வுகள் எஞ்சின் பக்கவாட்டில் திறந்தே கிடந்தன, மண்சாலைப் புழுதி நேராக அங்கே போய் உட்காரும். 1911-ல் அவற்றுக்கு மூடி வந்தது.

இதே ஆண்டுகளில் உற்பத்தி ஏறியதைப் பாருங்கள். பெரும்பாலோர் எடுத்தாளும் பட்டியல்படி 1909-ல் 10,666, 1910-ல் 19,050, 1911-ல் 34,858, 1912-ல் 68,733. ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பு. ஆல்பர்ட் கான் வடிவமைத்த ஹைலண்ட் பார்க் ஆலைக்கு 1910 தொடக்கத்தில் இடம் மாறினார்கள். அடுத்து 1913-ல் 1,70,211. இந்தக் கடைசித் தாவலுக்குக் காரணம் நகரும் அசெம்பிளி வரிசை என்று பலர் எழுதுகிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அது பொருந்தாது. மேக்னெட்டோ சேர்க்கும் வரிசையை 1913 ஏப்ரலில்தான் சோதித்தார்கள். முழுச் சேசிஸையும் (உடலைத் தாங்கும் அடிச்சட்டம்) நகர்த்திச் சேர்ப்பது அந்த அக்டோபரில்தான் தொடங்கியது. ஆக, 1912-லிருந்து 1913-க்கு இரண்டரை மடங்கு ஏறியதில் பெரும்பங்கு நகரும் வரிசை வருவதற்கு முன்பே நடந்தது. ஒரே மாதிரியான பாகம், அந்த ஒரு பாகத்துக்கென்றே செய்த எந்திரம், எந்திரங்களை வேலையின் வரிசைப்படி நிறுத்தியது. இவைதான் அந்த ஏற்றத்துக்கு அடிப்படை. நகரும் வரிசை இவற்றின் மேல் வந்து அமர்ந்தது. அதன் பலனும் சிறியதல்ல. ஒரே ஆள் 20 நிமிடத்தில் சேர்த்த மேக்னெட்டோவை 29 வேலைகளாகப் பிரித்ததும் 13 நிமிடம் 10 விநாடி ஆயிற்று. வரிசையின் உயரத்தை 8 அங்குலம் தூக்கி, குனிய வேண்டியிராதபடி செய்ததும் 7 நிமிடம். வேகத்தைச் சரிப்படுத்தியதும் 5 நிமிடம். சேசிஸ் சேர்க்க 12 மணி 28 நிமிடம் ஆனது, 1914-ல் 1 மணி 33 நிமிடத்துக்கு வந்துவிட்டது. அந்த 8 அங்குலத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்தக் கட்டத்தில் உடல் அமைப்பு எப்படி மாறியது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதல் ஆண்டுகளில் உடல் மரம், மேலே பித்தளை அலங்காரம் ஏராளம். படிப்படியாக மரச் சட்டத்தின் மேல் இரும்புத் தகடு வந்தது. 1912 டூரிங் காரில் (பின் இருக்கையும் உள்ள திறந்த கார்) முன் கதவு தனியாகக் கழற்றி மாட்டும்படி இருந்தது. 1913-ல் புது உடல் வந்தபோது முன் பக்கமும் உடலோடு சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் செய்த அந்தத் திறந்த கார்களின் இடது பக்கத்தை அருகில் போய்ப் பாருங்கள். ஓட்டுநர் பக்கம் ஒரு கதவு இருப்பது போலத் தெரியும். விரலை ஓட்டினால் மேடாக ஒரு கோடு தட்டுப்படும். இடுக்கு இருக்காது, கீலும் கைப்பிடியும் இருக்காது. தகட்டில் அச்சடித்த வெறும் கோடு அது. ஓட்டுநர் உட்காரும் இடத்தில் கைப்பிரேக் லீவர் நிற்பதால் அந்தப் பக்கம் இறங்குவதே சிரமம். கதவு வைக்க வேண்டாம் என்று முடிவு செய்து, வலது பக்கத்தோடு பொருந்தித் தெரிய கோட்டை மட்டும் வைத்தார்கள். அங்கே உண்மையான கதவு வர 1926 மாடல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கதவு என்றால் கீல், பூட்டு, பொருத்தும் வேலை எல்லாம் உண்டு. லட்சக்கணக்கான கார்களில் அது எவ்வளவு மிச்சம் என்று யோசித்தால் அந்தக் கோட்டின் அர்த்தம் புரியும்.

கறுப்பு நிறத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நிறையத் தவறான பேச்சு நடமாடுவது இங்கேதான். உறுதியானது இது: முதல் ஆண்டுகளில் சாம்பல், பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறங்கள் இருந்தன. கறுப்பு மட்டும் என்ற நிலை 1914 முதல் 1925 வரைதான். என்ன நிறம் வேண்டுமானாலும் தருவேன், கறுப்பாக இருக்கும்வரை, என்ற புகழ்பெற்ற வாசகத்தை 1909-ல் சொன்னதாக ஃபோர்டு 1922-ல் வந்த தன்வரலாற்றில் எழுதினார். ஆனால் 1909-ல் விற்ற கார்களோ பல நிறத்தில் இருந்தன. ஆகவே அந்தத் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஐயத்துக்குரியது இன்னொன்று: கறுப்பு மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் காயும், அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. அக்கால ஆலை ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் இதற்குச் சான்று இல்லை என்கிறார்கள். அன்றைய கறுப்பு எனாமல் தார் வகைப் பொருள் கலந்தது. மட்கார்டு போன்ற பாகங்களில் அதைப் பூசி அடுப்பில் சுட்டு உலர்த்தினார்கள். அது மலிவு, வெயில் மழைக்கு நன்றாகத் தாங்கும், கீறினாலும் சரிசெய்வது எளிது. இந்த மூன்று காரணமே போதும் என்பது என் கருத்து. ஒரே நிறம் என்றால் ஆலையில் எந்த மட்கார்டும் எந்த உடலுக்கும் பொருந்தும், தேடி ஜோடி சேர்க்க வேண்டியதில்லை. உற்பத்தி வேகத்துக்கு அதுவே பெரிய உதவி.

1915-க்கான புது உடல் அந்த ஆண்டு ஜனவரியில் வந்தது. எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் நடுவே செங்குத்தாக நின்ற தடுப்புக்குப் பதிலாக வளைந்த தகடு, பானெட்டின் பக்கங்களில் காற்றுத் துவாரம், அசிட்டிலின் கேஸ் விளக்குக்குப் பதில் மின்விளக்கு. ஆனால் பேட்டரி இல்லை. மின்சாரம் நேராக மேக்னெட்டோவிலிருந்து வந்தது. எஞ்சின் வேகமாக ஓடினால் விளக்கு பிரகாசிக்கும், மெதுவானால் மங்கும். இருட்டில் பள்ளத்தைக் கண்டு வேகத்தைக் குறைத்தால் பள்ளமே மறைந்துவிடும். புதிய உடல் ஹைலண்ட் பார்க்கில் வந்துவிட்ட பிறகும், கிளை ஆலைகள் கையிருப்பு தீரும்வரை பழைய 1914 உடலையே பொருத்தி அனுப்பின. அதனால் 1915-ல் வெளிவந்த காரில் 1914 உருவம் இருந்தால் அது போலி என்று முடிவு கட்டக் கூடாது. மாற்றத்துக்கு ஒரு தேதியைக் கச்சிதமாகச் சொல்லும் நூல்களையும் இதே காரணத்தால் கொஞ்சம் தள்ளி நின்றுதான் படிக்க வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பெரிய மாற்றம் 1916 ஆகஸ்டில், 1917 மாடலாக வந்தது. பளபளத்த பித்தளை ரேடியேட்டர் போய்க் கறுப்பு உறை வந்தது, பானெட் உயர்ந்தது, தட்டையான மட்கார்டு வளைந்தது. சேகரிப்பவர்கள் 'பித்தளைக் காலம்' என்று பிரிப்பது இதற்கு முந்தையவற்றைத்தான்.

இனி எண்கள் ஏன் மோதுகின்றன என்பதற்கு வருகிறேன். மேலே சொன்ன பட்டியல் 1914-க்கு 2,02,667 என்கிறது. ஃபோர்டின் தன்வரலாறு 1913-14 ஆண்டுக்கு 2,48,307 என்கிறது. 1912-க்கு ஒன்றில் 68,733, மற்றொன்றில் 1911-12 என்று போட்டு 78,440. 1917-க்கு ஒன்றில் 7,35,020, மற்றொன்றில் 7,85,432. யாரும் பொய் சொல்லவில்லை, ஆண்டுதான் வேறு. நிறுவனத்தின் கணக்காண்டு முதலில் அக்டோபரில் தொடங்கியது, பிறகு ஆகஸ்டுக்கு மாறியது, கடைசியில் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று ஆயிற்று. மாறும் இடங்களில் ஒரு பட்டியலில் சில மாதங்கள் விழுந்துபோகும், இன்னொன்றில் இருமுறை வரும். அமெரிக்காவில் செய்தவை மட்டுமா, வெளிநாட்டு ஆலைகளும் சேர்ந்ததா என்பது இன்னொரு வேறுபாடு. முதல் பட்டியலை 1909 முதல் 1927 வரை கூட்டினால் 1,46,89,525 வருகிறது. 1927 மே 26-ல் ஹென்றி ஃபோர்டும் மகன் எட்சலும் ஓட்டி வெளியே கொண்டுவந்ததோ ஒன்றரைக் கோடியாவது கார். இடைவெளி 3 லட்சத்துக்கு மேல். அந்த ஒன்றரைக் கோடி எஞ்சின் எண்ணை வைத்துச் சொன்னது, பட்டியலோ கார்களை எண்ணியது. ஆகவே 'மொத்தம் சுமார் ஒன்றரைக் கோடி' என்று சொல்வது பாதுகாப்பானது. கடைசி இலக்கம் வரை யாராவது உறுதியாகச் சொன்னால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். ஒரே பட்டியலை எடுத்துக்கொண்டு அதற்குள் ஒப்பிட்டால் ஏற்ற இறக்கத்தின் போக்கு சரியாகவே கிடைக்கும்.

அந்தப் போக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1916-ல் 5 லட்சத்தைத் தாண்டியது. 1917-ல் 7.35 லட்சம். முதல் உலகப் போரால் 1918-லும் 1919-லும் இறங்கி 5 லட்சத்துக்குச் சற்றுக் கீழே போனது. 1922-ல் 13 லட்சம். 1923-ல் 20,11,125, அதுதான் உச்சம். விலை இதற்கு எதிர்த்திசை. 1908-ல் டூரிங் கார் 850 டாலர், 1909-10-ல் 950-க்குக்கூட ஏறியது, 1916-17-ல் 360. இரண்டு பேர் உட்காரும் ரன்அபவுட் 1925-ல் 260 டாலர் வரை வந்துவிட்டது. இந்த ஆண்டுகளில் உருவத்தில் நடந்தது குறைவு. 1919-ல் மின் ஸ்டார்ட்டர், முதலில் மூடிய கார்களில், பிறகு திறந்தவற்றுக்குக் கூடுதல் விலைக்கு. காடிலாக்கில் அது 1912 மாடலிலேயே இருந்தது. கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் எதிர்த்து உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர் இருந்த காலத்தில், ஏழு ஆண்டுத் தாமதத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. கழற்றி மாட்டும் ரிம்மும் அதே ஆண்டு. அதுவரை முன் டயர் 30 அங்குல விட்டத்துக்கு 3 அங்குல அகலம், பின் டயர் 30-க்கு 3½ என்று இரண்டு அளவு. பஞ்சரானால் சாலை ஓரத்தில் உட்கார்ந்து டயரை ரிம்மிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். ரிம் கழன்ற பிறகு நான்குக்கும் ஒரே அளவு. 1923-ல் முன் கண்ணாடி சாய்ந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில், 1924 மாடலாக, ரேடியேட்டர் உயர்ந்தது.

1926 மாடல் தனிக் கதை. 1925-ன் பிற்பகுதியில் வந்த இதில் உடல்கள் பெரும்பாலும் புதிது. சேசிஸ் தாழ்ந்தது, பிரேக் டிரம் பெரிதானது, குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் தடித்த பலூன் டயர் வந்தது. பெட்ரோல் டாங்க் பெரும்பாலான உடல்களில் இருக்கைக்கு அடியிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் போனது. இதன் அருமை மேட்டில் தெரியும். டாங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாகத்தான் வடிந்து வர வேண்டும், பம்ப் கிடையாது. டாங்க் இருக்கைக்கு அடியில் இருந்தபோது செங்குத்து மேட்டில் பெட்ரோல் வராமல் எஞ்சின் நின்றுவிடும், காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்கள். நிறங்களும் திரும்பி வந்தன. சீக்கிரம் உலரும் புதுவகை லாக்கர் பெயின்ட் அப்போதுதான் கார் ஆலைகளுக்குள் நுழைந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் அதை 1924 மாடலிலேயே பயன்படுத்தியிருந்தது. வாங்குகிறவருக்காக ஃபோர்டு செய்த முதல் முழுமையான மாற்றம் இந்த 1926 மாடல்தான் என்பேன். உற்பத்தி அதற்குப் பலன் காட்டவில்லை. 1925-ல் 19 லட்சம், 1926-ல் 15.5 லட்சம். பளபளப்பான உருவத்தோடு போட்டிக் காரான ஷெவ்ரலே கொடுத்தது மூன்று வேகச் சாதாரணக் கியர்பெட்டி. மாடல் டி-யின் அடியில் இருந்ததோ அதே 1908 எஞ்சினும் அதே இரண்டு வேகமும். 1927 மே மாதத்தோடு காரை நிறுத்தினார்கள். உதிரி எஞ்சின் மட்டும் 1941 ஆகஸ்ட் வரை செய்துகொண்டிருந்தார்கள்.

படத்தைப் பார்த்து ஆண்டைக் கணிக்க இப்படிப் பாருங்கள். பித்தளை ரேடியேட்டரும் கேஸ் விளக்கும் என்றால் 1914 வரை. பித்தளை ரேடியேட்டர், ஆனால் மின்விளக்கு என்றால் 1915 அல்லது 1916. கறுப்பு ரேடியேட்டரோடு நிமிர்ந்த கண்ணாடி என்றால் 1917 முதல் 1922 வரை. இந்த ஆறு ஆண்டுகளைப் படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம், சக்கர ரிம் தெரிந்தால் கொஞ்சம் உதவும். சாய்ந்த கண்ணாடி 1923 முதல். ஓட்டுநர் பக்கம் உண்மையான கதவும் தாழ்ந்த உடலும் 1926, 1927. காரே கையில் இருந்தால் எஞ்சினின் இடது பக்கம், தண்ணீர் உள்ளே போகும் குழாய்க்கு மேலே எண் பொறித்திருக்கும். அது எஞ்சின் செய்த காலத்தைச் சொல்லும், காரைச் சேர்த்த காலத்தை அல்ல. எஞ்சின் ஹைலண்ட் பார்க்கிலிருந்து ரயிலில் கிளை ஆலைக்குப் போய், வாரக்கணக்கில் கழித்துக் காரில் ஏறியிருக்கலாம். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் உரிமையாளர்களும் தாராளமாக மாற்றியிருக்கிறார்கள். 1914 உடலில் 1920 எஞ்சின் இருப்பது சாதாரணம். ஒரு பாகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நான்கைந்து அடையாளங்கள் ஒரே ஆண்டைக் காட்டினால் நம்புங்கள்.

நீங்கள் பார்ப்பது இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த படமாக இருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு மாடல் டி பெரும்பாலும் கனடாவின் ஒன்டாரியோவில் இருந்த ஃபோர்டு ஆலையிலிருந்துதான் வந்தது, ஸ்டீயரிங் வலது பக்கம். கனடா உடல்களில் முன் பக்கம் இரண்டு புறமும் கதவு திறக்கும், மேலே சொன்ன பொய்க்கதவு அடையாளம் அவற்றுக்குப் பொருந்தாது. எஞ்சின் எண்ணும் தனி வரிசை, முன்னால் 'சி' எழுத்து இருக்கும். அந்த எண்ணை அமெரிக்கப் பட்டியலில் தேடினால், உண்மையான ஆண்டைவிடப் பல வருஷம் முந்தைய ஆண்டில் போய் நிற்கும்.